ஆற்றோர ஊர்கள் – 9: ஐம்பது மீட்டர் சரிவு

சென்ற இதழில், வான் ரால்ட என்ற போதகரின் பின்னால் புறப்பட்டு வந்து, மிச்சிகன் ஏரியின் கிழக்குக் கரையில் இறங்கி, ஊருக்கு ‘ஹாலந்து’ என்றே பெயர் வைத்தவர்களைப் பார்த்தோம். அவர்கள் புராட்டஸ்டண்டுகள். அரசுத் திருச்சபையோடு முறித்துக்கொண்டு, 1847 பிப்ரவரியில், பனி விலகாத காட்டில் கோடரியை எடுத்தவர்கள். அதே ஆண்டு ஏரியின் மேற்குப் பக்கத்திலிருந்து ஒரு கத்தோலிக்கக் குருவானவர் எதிர்த்திசையில், நெதர்லாந்துக்குக் கப்பலேறினார். வயது 63. பெயர் தியோடோரஸ் வான் டென் ப்ரூக். தொமினிக் சபையைச் சேர்ந்தவர். தன் பங்குக் கோயிலுக்கு மக்களைத் தேடித்தான் அவர் போனார். பங்கில் இருந்த மக்கள் எங்கே போனார்கள் என்பதைச் சொல்லாமல் இந்த ஊரின் கதையைத் தொடங்க முடியாது.

அதற்கு முன்னால் ஆற்றைப் பார்த்துவிடுவோம். இந்தத் தொடரில் வேறெந்த ஊரையும்விட இந்த ஊருக்கு ஆற்றின் நிலவாகு முக்கியம்.

விஸ்கான்சின் மாநிலத்தின் ஃபாக்ஸ் ஆறு, வின்னபேகோ ஏரியை விட்டு வெளியே வந்ததும் வடகிழக்காக ஓடி, மிச்சிகன் ஏரியின் கிளையான கிரீன் பே விரிகுடாவில் கலக்கிறது. அந்தக் கடைசிப் பகுதியின் நீளம் 63 கிலோமீட்டர்தான். அதற்குள் 51 மீட்டர் கீழே இறங்கிவிடுகிறது. நயாகரா அருவியின் உயரத்துக்கு ஏறக்குறைய நிகரான இறக்கம் இது. ஆனால் ஓரிடத்தில் விழாமல் பல பாறைப் படிகளில் பிரிந்து இறங்குகிறது. தோல் வாங்க வந்த பிரெஞ்சு வணிகர்கள் ஒவ்வொரு படிக்கும் பெயர் வைத்தார்கள். பெரியது கிராண்ட் ஷூட். இன்றைய ஆப்பிள்டன் நகரம் அங்கேதான் இருக்கிறது. அதற்குக் கீழே சிறியதாக ஒன்று, லா பெட்டீ ஷூட். ஆங்கிலம் பேசுகிறவர்கள் வந்த பிறகு அது ‘லிட்டில் ஷூட்’ ஆயிற்று.

ஒவ்வொரு படியிலும் ஓடத்தைக் கரையேற்றி, சுமையைத் தோளில் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும். சுமக்கிற இடத்தில் கடை வரும், கடைக்காரன் நிலம் கேட்பான். லிட்டில் ஷூட்டுக்குக் கீழே உள்ள காகனாவில் 1793-இல் டொமினிக் டுஷார்ம் என்ற வணிகர் பழங்குடிகளிடம் இரண்டு பீப்பாய் ரம் கொடுத்து நிலத்தை எழுதி வாங்கினார். விஸ்கான்சினின் முதல் நிலப் பத்திரம் என்று அதைத்தான் சொல்கிறார்கள். அந்த ஆற்றில் சரிவு இருந்த இடங்களுக்கெல்லாம் விலை வைக்கும் பழக்கம் அன்றே தொடங்கிவிட்டது.

நிலம் மெனோமினி மக்களுடையது. காட்டு அரிசியும் ஸ்டர்ஜன் மீனும் அவர்களுடைய உணவு. மீன் ஏறி வரும் பாறைப்படிகள் அவர்கள் வலை போடும் இடம். வான் டென் ப்ரூக் 1832-இல் அமெரிக்காவுக்கு வந்து, 1834-இல் கிரீன் பே சேர்ந்து, 1836-இல் மெனோமினிகள் கேட்டுக்கொண்டதன் பேரில் லிட்டில் ஷூட்டுக்குக் குடிவந்தார். முதலில் மரப்பட்டைக் குடிசை, பிறகு மரக்கட்டையால் ஒரு கோயில். புனித ஜான் நேப்பொமுக்கின் பெயரில் எழுந்த அந்தக் கோயிலின் முதல் பங்கு மக்கள் டச்சுக்காரர்கள் இல்லை, மெனோமினிகள்.

அவர் வந்த ஆண்டிலேயே அவர்களுடைய வெளியேற்றமும் முடிவாகிவிட்டது. 1836 செப்டம்பர் 3 அன்று, லிட்டில் ஷூட்டுக்கு அருகே சீடார் முனை என்ற இடத்தில், விஸ்கான்சின் பிரதேச ஆளுநர் ஹென்றி டாட்ஜும் தலைவர் ஆஷ்காஷ் உள்ளிட்ட மெனோமினித் தலைவர்களும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். 40 லட்சம் ஏக்கருக்கு மேல் கைமாறியது. கிடைத்த தொகையை வகுத்துப் பார்த்தால் ஏக்கருக்கு சுமார் 17 சென்ட். அதே மண்ணை அரசு பிறகு குடியேறிகளுக்கு ஏக்கர் ஒன்றேகால் டாலருக்கு விற்றது. இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் இந்த ஊரின் தொடக்கத்தை எழுத வேண்டும் என்பது என் எண்ணம். ஊர் வரலாறுகள் பெரும்பாலும் இரண்டாவது எண்ணிலிருந்து தொடங்குகின்றன.

மெனோமினிகள் மேற்கே நகர நகர, கோயில் இருந்தது, கும்பிட ஆள் குறைந்தது. கப்பலேறிய முதியவரின் நிலைமை இதுதான். ஆம்ஸ்டர்டாமில் ‘ரெய்ஸ நார் நோர்ட்-அமெரிக்கா’ என்று ஒரு சிறு நூலை வெளியிட்டார். ‘டி டெய்ட்’ என்ற கத்தோலிக்க நாளிதழிலும் தன் நாட்டைப் பற்றி எழுதினார். ‘தன் நாடு’ என்று நான் சொல்வது விஸ்கான்சினை. பிறந்தது ஆம்ஸ்டர்டாம் என்றாலும், மனத்தளவில் அவர் விஸ்கான்சினுக்குக் குடிபெயர்ந்து வெகுகாலமாகியிருந்தது.

அவர் சொன்னதைக் காது கொடுத்துக் கேட்டவர்கள் வடக்கு பிரபான்ட் பகுதி விவசாயிகள். ஊடன், ஸேலான்ட், பூக்கல் போன்ற கிராமங்கள். நெதர்லாந்து என்றதும் நாம் கற்பனை செய்யும் கால்வாயும் பசும்புல்வெளியும் அங்கே கிடையாது. மணற்பாங்கான மேட்டு நிலம். சாணம் போட்டால்தான் ரை என்ற தானியப்பயிர் எழும்பும். தலைமுறைக்குத் தலைமுறை பாகம் பிரிந்து துண்டுதுண்டாகிப் போன வயல்கள். குளிர்காலத்தில் வீட்டுத் தறியில் நெய்து ஈட்டிய காசும் ஆலைத் துணி வந்ததும் அற்றுப்போயிற்று. 1845-இல் உருளைக்கிழங்கு அழுகியது; அயர்லாந்து அளவுக்குச் சாவு இல்லை, ஆனாலும் ஏழை வீட்டின் ஒரே சாப்பாடு போய்விட்டது. புராட்டஸ்டண்டுகளைப் போல இவர்களை மதம் துரத்தவில்லை. பிரபான்டில் கத்தோலிக்கர்கள்தான் பெரும்பான்மை. மகனுக்குக் கொடுக்க நிலம் இல்லை என்பதுதான் இவர்களைத் துரத்தியது. குருவானவரே கூட்டிப்போகிறார், போகிற இடத்தில் கோயில் இருக்கிறது, திருப்பலி உண்டு, பிள்ளைக்கு ஞானஸ்நானம் உண்டு என்பது புறப்படுவதற்குத் தைரியம் கொடுத்தது.

1848 மார்ச்சில் மரியா மக்தலேனா, லிப்ரா, அமெரிக்கா என்ற மூன்று கப்பல்கள் ராட்டர்டாமிலிருந்து கிளம்பின. மூன்றிலும் சேர்த்து சுமார் 350 பேர். அட்லாண்டிக்கைக் கடந்த பிறகும் பாதி வழி மிச்சமிருந்தது: ஹட்சன் ஆற்றில் ஆல்பனி வரை, ஈரி கால்வாயில் பஃபலோ வரை, பிறகு பேரேரிகளில் நீராவிக் கப்பல். அந்த ஏரிப் பயணம் எளிதானதல்ல. முந்தைய நவம்பர் 21 அன்றுதான் ஃபீனிக்ஸ் என்ற நீராவிக் கப்பல் ஷெபாய்கன் கரைக்கு அருகே, இறங்க வேண்டிய ஊர் கண்ணுக்கெட்டும் தொலைவில் இருக்கும்போது, தீப்பிடித்து எரிந்தது. இறந்தவர்கள் 150-க்கும் மேல். பெரும்பாலோர் டச்சுக் குடியேறிகள்.

ஜூன் மாதம் லிட்டில் ஷூட் வந்து சேர்ந்தார்கள். விஸ்கான்சின் மாநிலமாகி சில நாள்களே ஆகியிருந்தன. ஒரு பிரிவினர் ஊரிலிருந்து சற்றுத் தள்ளிப் போய், இன்று ஹாலந்துடவுன் எனப்படும் கிராமத்தை அமைத்தார்கள். மற்றவர்கள் ஆற்றங்கரையில் தங்கினார்கள்.

பிரபான்ட் மேட்டு நிலத்து விவசாயிக்குக் காடு தெரியாது. இங்கே மேப்பிளும் ஓக்கும் பைனும் வெளிச்சம் புகாத அளவுக்கு அடர்ந்து நின்றன. ஒரு ஏக்கரை வெட்டிச் சுத்தம் செய்து விதைக்கக் குடும்பம் முழுவதும் பருவக்கணக்கில் உழைக்க வேண்டும். கட்டைவேர்கள் அழுகி மண்ணோடு கலக்க ஆண்டுகள் ஆகும். அதுவரை உப்பும் மாவும் வாங்கக் காசு? இந்தக் கேள்விக்கு அவர்கள் எதிர்பாராத விடை ஆற்றிலிருந்தே வந்தது.

மிசிசிப்பி ஆற்றையும் பேரேரிகளையும் ஃபாக்ஸ் ஆற்றின் வழியாக இணைத்துவிட வேண்டும் என்று ஒரு திட்டம். அமெரிக்க நாடாளுமன்றம் அதற்காக 1846-இல் நிலம் ஒதுக்கியது. பாறைப்படிகள் இருந்த இடத்திலெல்லாம் அணை கட்டி, பக்கத்தில் கால்வாய் வெட்டி, லாக் அமைக்க வேண்டும். லாக் என்பது இரண்டு பெரிய கதவுகளுக்கு நடுவில் ஒரு கல் தொட்டி. படகு உள்ளே வந்ததும் கதவை அடைத்து நீரை விட்டால் படகு உயரும்; வடித்தால் இறங்கும். 51 மீட்டர் இறக்கத்துக்கு மொத்தம் 17 லாக்குகள். லிட்டில் ஷூட்டுக்குக் கீழே இறக்கம் அதிகம் என்பதால் இரண்டு லாக்குகளை ஒட்டவைத்தார்கள். ‘கம்பைண்ட் லாக்ஸ்’ என்று அந்த இடத்துக்குப் பெயர் நிலைத்து, பின்னாளில் அதுவே தனி ஊரானது.

மண்வெட்டி பிடிக்க ஆள் வேண்டும். குடியேறிகளுக்குக் காசு வேண்டும். கோடையில் கால்வாய் வேலை, குளிர்காலத்தில் மரம் வெட்டு என்று முதல் ஆண்டுகள் கழிந்தன. ஊருக்கு எழுதிய கடிதங்களைப் பார்த்து உறவினர்களும் பக்கத்து வீட்டுக்காரர்களும் 1850-களில் தொடர்ந்து வந்தார்கள். வான் டென் ப்ரூக் இதையெல்லாம் வெகுநாள் பார்க்கவில்லை. 1851 நவம்பரில் காலமானார்.

இனி நான் சொல்லப்போவது சட்டத்தாள்களில் நடந்த கதை. ஆனால் இந்த ஊரின் தலையெழுத்தை எழுதியது அதுதான் என்பதால் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

1856 ஜூனில் பிட்ஸ்பர்கிலிருந்து புறப்பட்ட ‘அக்விலா’ என்ற நீராவிப் படகு, மிசிசிப்பி, விஸ்கான்சின், ஃபாக்ஸ் ஆறுகளின் வழியாக கிரீன் பே வந்து சேர்ந்தது. கரையெல்லாம் கொண்டாட்டம். ஆனால் மேற்கே விஸ்கான்சின் ஆற்றின் மணல்மேடுகள் அடிக்கடி இடம் மாறி, படகுகளைச் சிக்க வைத்தன. அதற்குள் ரயில் வந்துவிட்டது. பெரும் வணிகப் பாதை என்ற கனவு பொய்த்தது. திட்டத்தைக் கையில் வைத்திருந்த கிரீன் பே அண்டு மிசிசிப்பி கால்வாய் கம்பெனியிடமிருந்து 1872-இல் மத்திய அரசு லாக்குகளையும் அணைகளையும் 1,45,000 டாலருக்கு வாங்கிக்கொண்டது. விற்கும்போது கம்பெனி ஒன்றை மட்டும் தன்னிடமே வைத்துக்கொண்டது: அணைகளில் படகுக்குத் தேவைப்படாமல் மிஞ்சும் தண்ணீரின் விசையைப் பயன்படுத்தும் உரிமை.

படகே வராத ஆற்றில் மிஞ்சும் தண்ணீர் எவ்வளவு? கிட்டத்தட்ட ஆறு முழுவதும். அணையைப் பழுதுபார்க்கும் செலவு அரசுக்கு. அணை தேக்கித் தரும் விசையின் வாடகை கம்பெனிக்கு. காகனாவில் கரைநிலம் வைத்திருந்தவர்கள் இது என்ன நியாயம் என்று வழக்குப் போட்டார்கள். தங்கள் நிலத்தை ஒட்டி ஓடும் ஆற்றில் தங்களுக்குப் பங்கில்லையா என்பது அவர்கள் வாதம். 1891-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கம்பெனியின் பக்கம் தீர்ப்புச் சொன்னது. மெனோமினிகளிடமிருந்து நிலமாகக் கைமாறிய சரிவு, இப்போது நிலத்திலிருந்தும் பிரிந்து, குத்தகைக்கு விடத்தக்க தனிச்சொத்தாகிவிட்டது. வெட்டியவர்களின் பிள்ளைகள் அந்தக் கால்வாயோரத்தில் கூலிக்குப் போகும் காலம் நெருங்கியது.

மேல்கரையில் நீனா, மெனாஷா ஊர்களில் அதுவரை ஓடியவை மாவு ஆலைகள். கோதுமை விளைச்சல் மேற்கே மினசோட்டாவுக்கு நகர, ஆலைக்காரர்கள் மாற்றுத் தொழில் தேடினார்கள். 1872-இல் ஜான் கிம்பர்லி, சார்லஸ் கிளார்க், ஹவைலா பாப்காக், ஃபிராங்க் ஷாட்டக் என்ற நால்வர் நீனாவில் கம்பெனி தொடங்கிக் கந்தைத் துணியிலிருந்து செய்தித்தாளுக்கான காகிதம் செய்தார்கள். நாளிதழ்கள் பெருகின, கந்தை போதவில்லை, மரத்தை அரைக்கும் முறை வந்தது. தோலுரித்த கட்டையைச் சுழலும் கல்லின்மேல் அழுத்திப் பிடித்து, தண்ணீரை ஊற்றிக்கொண்டே அரைத்தால் நார் பிரிந்து கூழாகும். அதற்கு வேண்டியவை மூன்று: வடக்குக் காட்டு மரம், சுத்தமான தண்ணீர், கல்லைச் சுழற்ற ஓயாத விசை. மூன்றும் இங்கே இருந்தன.

1889-இல் அந்த நால்வரின் கம்பெனி லிட்டில் ஷூட்டுக்கு எதிர்க்கரையில் ஒரு பெரிய ஆலையைக் கட்டியது. இடத்தின் பெயர் ‘தி சீடார்ஸ்’. 1836 ஒப்பந்தத்துக்குப் பெயர் கொடுத்த அதே சீடார் மரங்கள். ஆலை வந்ததும் அந்த இடம் ‘கிம்பர்லி’ ஆனது. அதே ஆண்டு கம்பைண்ட் லாக்ஸிலும் ஒரு காகித ஆலை எழுந்தது. இரண்டுக்கும் நடுவில் லிட்டில் ஷூட். விவசாயம் செய்யத்தான் வந்தார்கள். நாற்பதே ஆண்டில் பேரப்பிள்ளைகள் ஆலைச் சங்குக்கு எழுந்தார்கள். காடு வெட்டிச் சேர்த்த நிலம் மூன்றாம் தலைமுறையில் மறுபடி பாகம் பிரிந்து போதாமல் போனபோது, பிரபான்டில் கிடைக்காத ஒன்று இங்கே கிடைத்தது: நடந்து போகும் தூரத்தில் மாதச் செலவுக்கு வேலை. ஊர் கலையாமல் நின்றது அதனால்தான். அமெரிக்காவில் எத்தனையோ குடியேறி ஊர்கள் இரண்டாம் தலைமுறையிலேயே நகரங்களுக்குச் சிதறிவிட்டன. ஞாயிறு மறையுரை 1898-இலும் டச்சு மொழியில் நடந்தது என்றால், அதற்குக் குருவானவர்களோடு சேர்த்து ஆலைக் கூலிக்கும் நன்றி சொல்ல வேண்டும்.

வேலை கடுமையானது. காகித இயந்திரத்தை நிறுத்தினால் மறுபடி ஓட்டத்துக்குக் கொண்டுவரப் பொழுதும் சரக்கும் வீணாகும். ஆகவே இரண்டு ஷிப்டுகளில் இரவும் பகலும் ஓட்டினார்கள். பகல் ஷிப்ட் 11 மணி நேரம், இரவு ஷிப்ட் 13 மணி நேரம். உலர்த்தும் உருளைகளின் வெக்கை ஒருபுறம், கூழ் வடியும் ஈரத்தரை மறுபுறம், ரசாயனத்தில் மரத்தை வேகவைக்கும் கூடத்தின் கந்தக நெடி எங்கும். ஃபாக்ஸ் பள்ளத்தாக்குத் தொழிலாளர்கள் அந்தக் காலத்தில் கேட்டது கூலி உயர்வை மட்டுமல்ல, சனிக்கிழமை இரவு விடுப்பையும். இரவெல்லாம் இயந்திரத்தின் முன்னால் நின்றுவிட்டு ஞாயிறு காலை கோயிலில் கண்ணைத் திறந்துவைத்திருக்க முடியாதவர்களுக்கு அந்தக் கோரிக்கையின் அருமை தெரியும். 1904-இல் வேலைநிறுத்தம் செய்தார்கள், தோற்றார்கள். எட்டு மணி நேர வேலை வர மேலும் பல ஆண்டுகள் பிடித்தன.

லிட்டில் ஷூட் 1899-இல் முறைப்படி கிராம ஆட்சி பெற்றது, கிம்பர்லி 1910-இல். அறுவடைக்குப் பின் வரும் ‘கெர்மிஸ்’ திருவிழா, ‘வான்’ என்று தொடங்கும் குடும்பப் பெயர்கள் வரிசை வரிசையாக நிற்கும் கல்லறைத் தோட்டம், டி பேர் நகரில் அச்சாகி முதல் உலகப்போர் வரை வந்துகொண்டிருந்த டச்சுப் பத்திரிகைகள் என்று பழைய நாட்டின் சாயல் நீண்ட நாள் இருந்தது. வீட்டுக்குள் பேசிய பிரபான்ட் வட்டார வழக்கு அதற்குப் பிறகும் தலைமுறைகள் தாண்டி உயிரோடிருந்தது. மொழியியலாளர்கள் முதியவர்களைத் தேடிப்போய்ப் பதிவு செய்திருக்கிறார்கள்.

ஆற்றுக்கு நேர்ந்ததையும் எழுத வேண்டும். 1954 முதல் 1971 வரை இந்தப் பள்ளத்தாக்கில் ‘கார்பன் இல்லாத நகல் தாள்’ பெரிய அளவில் தயாரானது. மேலே எழுதினால் கீழ்த்தாளில் தானே பதியும் வகை. அதன் பூச்சில் பி.சி.பி. என்ற நச்சு வேதிப்பொருள் இருந்தது. தயாரித்த ஆலைகளும், அதன் கழிவுத்தாளை மறுபடி கூழாக்கிய ஆலைகளும் சேர்ந்து சுமார் 3 லட்சம் கிலோவை ஆற்றில் கலந்துவிட்டன. மீனைச் சாப்பிடாதீர்கள் என்று எச்சரிக்கை வந்தது. மெனோமினிகள் தலைமுறைகளாக வலை போட்ட ஆறு இது. அடிச்சேற்றை அள்ளியும் மூடியும் சுத்தம் செய்யும் வேலை 2020-இல்தான் முடிந்தது. செலவு 100 கோடி டாலருக்கு மேல்.

அதற்குள் ஆலைகளே தள்ளாடிவிட்டன. அச்சுத்தாளுக்கான தேவை சரிந்தது. கம்பெனிகள் கை மாறின. கிம்பர்லி ஆலை 2008-இல் மூடப்பட்டது. சுமார் 600 பேருக்கு வேலை போயிற்று. இயந்திரங்கள் அகற்றப்பட்டு, கட்டடம் இடிக்கப்பட்டு, அந்த இடத்தில் இப்போது குடியிருப்புகள் வந்திருக்கின்றன. அந்த ஊர் உயர்நிலைப் பள்ளி அணியின் பெயர் இன்றும் ‘பேப்பர்மேக்கர்ஸ்’, காகிதம் செய்கிறவர்கள். ஆலை மூடிய பிறகு, 2013 முதல் 2018 வரை, அந்தப் பிள்ளைகள் அமெரிக்கக் கால்பந்தில் தொடர்ச்சியாக 70 ஆட்டங்கள் வென்றார்கள்.

கம்பைண்ட் லாக்ஸில் கதை வேறு மாதிரி திரும்பியது. 2017-இல் அந்த ஆலை நொடித்து, பழைய இரும்புக்குப் பிரித்து விற்கும் நிறுவனத்தின் கைக்குப் போனது. தொழிற்சங்கமும் மாவட்ட நிர்வாகத் தலைவரும் நீதிமன்றத்தில் தடுத்து நின்றார்கள். பிரித்து விற்காமல் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று விடாப்பிடியாக வாதாடினார்கள். வாங்கியவர்கள் மனம் மாறினார்கள். ஆலை மறுபடி ஓடியது. வெள்ளைத் தாளுக்குப் பதிலாக அட்டைப்பெட்டிக்கான பழுப்புத் தாள். பழைய ஆள்பலம் முழுவதும் திரும்பவில்லை. ஆனாலும் எல்லாரும் முடிந்தது என்று சொன்ன ஓர் ஆலை பிழைத்ததை நான் சிறிய வெற்றி என்று எழுத மாட்டேன்.

இன்று லிட்டில் ஷூட்டுக்குப் போகிறவர்களுக்கு ஊர்க்காரர்கள் முதலில் காட்டுவது காற்றாலையை. 2013-இல் திறக்கப்பட்டது, நெதர்லாந்துக் கைவினைஞர்கள் பழைய முறையில் செய்து கொடுத்தது, உண்மையாகவே கோதுமை அரைக்கிறது. அழகான வேலைப்பாடு. முன்னோரை நினைக்க ஊருக்கு ஓர் அடையாளம் வேண்டும்தான். என்னைக் கேட்டால், காற்றாலையைப் பார்த்துவிட்டு அப்படியே ஆற்றங்கரைக்கு இறங்கி, அந்தக் கல் லாக்குகளையும் பார்க்கச் சொல்வேன். பிரபான்ட் விவசாயிகளை இந்த மண்ணில் பிழைக்க வைத்தது அங்கே அவர்கள் தோண்டிய மண்.

இன்னும் ஒன்று பாக்கி. மெனோமினிகளை 1848 அக்டோபரில் மற்றோர் ஒப்பந்தம் மினசோட்டாவுக்கே போகச் சொன்னது. டச்சுக்காரர்கள் இறங்கிய அதே ஆண்டு. ஆஷ்காஷ் அந்த நிலத்தைப் போய்ப் பார்த்துவிட்டு மறுத்துவிட்டார். 1854-இல் வுல்ஃப் ஆற்றின் கரையில் அவர்களுக்கென்று ஒரு காடு ஒதுக்கப்பட்டது. இன்று அதன் பரப்பு சுமார் 2,35,000 ஏக்கர். அங்கே 1908-இல் ஒரு மர ஆலை எழுந்தது, ஆலையைச் சுற்றி ஓர் ஊர். ஆஷ்காஷின் மகன் பெயரில் அந்த ஊருக்கு நியோபிட் என்று பெயர். நூறு ஆண்டுகளுக்கு மேல் மரம் வெட்டியும் அந்தக் காடு குறையவில்லை. எப்படி வெட்டுகிறார்கள், 1954-இல் நாடாளுமன்றம் அவர்களுடைய பழங்குடித் தகுதியையே ரத்து செய்யச் சட்டம் போட்டபோது அந்த ஆலைக்கு என்ன ஆனது, 1973-இல் எப்படி மீட்டார்கள் என்பதை அடுத்த இதழில் பார்ப்போம்.